முதல் முழுக்கு

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. சுற்றிலும் தண்ணீர் இருக்கும் ஊரில் பிறந்துவிட்டு, இன்றைக்கும் படகில் ஏறினால் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் நீளமாக ஒரு மணல் மேடு. அதுதான் எங்கள் ஊர். பழவேற்காட்டிலிருந்து படகில் வந்தால் வீடுகள் கண்ணில் படுவதற்கு முன்னால் நாற்றம் வந்துவிடும். அழுகிய முட்டை நாற்றம். புதிதாக வருகிறவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். படகு ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டே, "வந்துட்டோம், எறங்குங்கோ" என்பார்.

அது எங்கள் ஊற்றின் நாற்றம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு மணல் பள்ளத்தில் அது பிறக்கிறது. கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். வாயில் விட்டால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருக்கும், குடிக்க முடியாது. ஏரியில் நாள் முழுக்க நின்று வலை இழுக்கிறவர்களுக்குக் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து போகும், தொடை இடுக்கில் அரிப்பு பிடுங்கித் தின்னும். சாயங்காலம் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். பொய் சொல்ல மாட்டேன், சொறி சிரங்குக்கு அது நல்ல தண்ணீர்தான்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களே தோணி பிடித்து வந்து இதில் குளித்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பழவேற்காட்டில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலிலேயே கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தத் தண்ணீர் அத்தனை உசத்தி என்றால் அவர்கள் ஏன் அங்கே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள் என்று சின்ன வயதில் கேட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். ஊற்றைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் காலத்தில் ஊற்றுக்கு யோகம் அடித்ததற்குக் காரணம் ஏரிதான். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து சேர்ந்து கடல் தண்ணீர் உள்ளே வருவது குறைந்தது. இறாலும் மீனும் குறைந்தன. வலையைத் தூக்கினால் பாசிதான் வந்தது. அப்போது அனுப்பம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் ஏதோ வேண்டுதலுக்கு எங்கள் கோயிலுக்கு வந்தது. நாற்று நட்டு நட்டுச் சேற்றுப்புண் பிடித்த கால்களோடு வந்தவர்கள் ஊற்றில் காலை விட்டுப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது போல. மறுபடி வந்தார்கள், செல்போனில் படம் எடுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான். பொன்னேரியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, படகு பிடித்து, சென்னையிலிருந்தெல்லாம் ஜனம் வரத் தொடங்கியது. சொறிக்கு வந்தவர்கள் போய் மூட்டு வலிக்கு வந்தார்கள், பிறகு சர்க்கரைக்கு வந்தார்கள், குழந்தை இல்லை என்று வந்தார்கள். ஊர்ப்பணத்தில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டினோம். பெண்கள் துணி மாற்றத் தகரத் தடுப்பு வைத்தோம். நானும் தோப்பு ஓரத்தில் ஒரு டீக்கடை போட்டேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் வேலைக்குப் போய் வாரம் ஒருமுறை வருகிறவர், நான் அப்பா அம்மாவோடுதான் இருந்தேன். அந்த டீக்கடைதான் மற்ற நாட்களில் அடுப்பை எரியவைத்தது.

ஏரியை எங்கள் ஊர்க்காரர்கள் பாடு முறைப்படி பங்கிட்டுக்கொள்வார்கள். கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு என்று முடிவாகும். பாடு யாருக்கோ, அவர் வலைதான் முதலில் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் தண்ணீரைத் தொடமாட்டார்கள். ஊற்று சோறு போட ஆரம்பித்ததும் அதையும் பாடு முறையில் சேர்த்தார்கள். அன்றைக்குப் பாடு உள்ளவர், அதாவது பாட்டுக்காரர், விடிந்ததும், வந்திருக்கும் ஜனம் பார்க்க, முதல் முழுக்குப் போட வேண்டும். அவர் எழுந்து தலையைத் துவட்டிய பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு அதில் ஒரு நம்பிக்கை. ஊர்க்காரனே இறங்குகிறான் பார் என்று கும்பிடுவார்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் வந்தது. ஊரில் ஒரு பெரியவரைக் கையில் கட்டோடு படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எதிர்ப்படகில் வந்த ஒரு அம்மாள் பார்த்துவிட்டு, "உங்க ஊர்லயே ஊத்து கீது, நீங்க இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி போறீங்கோ?" என்று கேட்டாள். அந்தப் பேச்சு பரவியது. அடுத்த வாரம் படகுகள் பாதி காலியாக வந்தன. உடனே ஊர் கூடியது. ஜனம் வந்துபோகும் நேரத்தில் நம்ம ஊர் ஆள் யாரும் நோயோடு படகுத்துறைக்கு வரக்கூடாது, இருட்டின பிறகு போய்க்கொள்ளலாம் என்றார்கள். இருட்டின பிறகு பழவேற்காட்டில் பஸ்ஸும் கிடையாது, டாக்டரும் கிடையாது. அதனால் இருட்டின பிறகும் யாரும் போகவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்குச் சர்க்கரை இருந்தது. பழவேற்காட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தவர் இந்தக் கட்டுப்பாடு வந்ததும் அதை நிறுத்திவிட்டார். ஏரியில் சிப்பி கிழித்து இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கீறல் விழுந்தது. எங்கள் ஊரில் சிப்பி கிழிக்காத கால் எது? அதை யாரும் பேச்சாகவே எடுக்கமாட்டோம். நைனா ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ஊற்றில் போய்க் காலை வைத்து உட்கார்ந்தார்.

வாரங்கள் போயின. துணி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அவர் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கோணிப்பை தைத்துக்கொண்டிருந்தார். நான் டீத்தூள் டப்பாவோடு அந்தப் பக்கம் போனேன். காலில் சுற்றியிருந்த துணியில் கருப்பாக ஏதோ நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். எறும்பு. துணியின் மடிப்புக்குள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. நைனா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, காலுல எறும்பு."

"எங்க?" என்று குனிந்தார். கையால் தட்டிவிட்டார். "சக்கரத் தண்ணி சிந்திகீது போல."

"கடிக்கலயா?"

"இல்லயே." அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? மொதல்ல இன்னா வலி வலிச்சுது! இப்போ சுத்தமா வலியே இல்ல. ஊத்துத் தண்ணி வேல செய்யுதும்மா."

எறும்பு கடித்தும் தெரியாத கால் எப்படி நல்ல காலாகும்? அன்றைக்குத் தொடங்கியது அந்த பயம். கடலைக் கண்டால் வரும் பயம் வேறு. அது கரைக்கு வந்ததும் போய்விடும். இது நான் டீ ஆற்றும்போதும் கூடவே நின்றது. வெளியூர்க்காரர்களுக்குக் கிளாஸை நீட்டும்போது டீ சிந்தியது. ஒரு ஆள், "இன்னாமா, காத்தாலயே குளுரா?" என்று கேலி செய்தான். சிரித்து வைத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்றேன். அம்மா முதலில் போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசு. அமாவாசைக்கு நம்ம பாடு. அன்னிக்கு அவுரு முழுக்குப் போடலன்னா இன்னா பேசுவாங்கோ? பாட்டுக்காரனுக்கே சொகமில்ல, அப்புறம் இன்னா ஊத்துன்னு சொல்ல மாட்டாங்கோ? ஊரு நம்மள சொம்மா வுடுமா?"

"காலு போயிடும்மா."

"போவாது. வலியே இல்லன்றாரே."

அம்மாவுக்கு ஊர்மேல் பயம். எனக்குக் கால்மேல் பயம். இரண்டு பயமும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றன. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடு முறையிலிருந்து தள்ளிவைத்தால் ஏரியும் கிடையாது ஊற்றும் கிடையாது. அப்படித் தள்ளிவைக்கப்பட்ட ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போய்ச் செங்கல் சூளையில் சேர்ந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் எனக்குக் கோபமும் வந்தது. வீட்டில் நாற்றம் அடிக்கிறதா என்று மோந்து மோந்து பார்த்தேன். அடித்தது. எங்கள் வீட்டில் எப்போதுமே அடிக்கும். துணியில், தலைமுடியில், தலையணையில், காயப்போட்ட கருவாட்டில்கூட ஊற்று நாற்றம். அதற்குள்ளே வேறு நாற்றம் ஒன்று இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? நைனா தூங்கும்போது அவர் காலருகே மூக்கை வைத்து முகர்ந்தேன். எனக்குத் தெரியவில்லை. சொந்த மூக்கே கைவிட்டது போல இருந்தது.

அமாவாசை வந்தது. படகுபடகாக ஜனம் இறங்கியது. நைனா வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, காலில் புதுத் துணி சுற்றி, கொஞ்சமும் நொண்டாமல் நடந்து போனார். வலித்தால்தானே நொண்டுவதற்கு. தொட்டியில் இறங்கி மூன்று முறை முழுகினார். ஜனம் கும்பிட்டது. அவர் எழுந்தபோது துணி நழுவித் தண்ணீரில் மிதந்தது. அவர் படியில் காலை வைத்தார். நான் பார்த்தேன். கட்டைவிரலும் பக்கத்து விரலும் கரி போல இருந்தன. பாதத்தின் மேலே பச்சையும் ஊதாவுமாக ஏறியிருந்தது. நான் ஓடிப்போய் என் துண்டை அந்தக் கால்மேல் போட்டேன். எதற்காக மூடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எனக்கும் ஊர்ப் பழக்கம் அவ்வளவு ஊறியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நைனாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. போர்வை மேல் போர்வை போட்டும் பல் கிட்டியது. அம்மா சுடுதண்ணீர் வைத்தாள். வெயில் ஏறியபோது அவர் என்னைப் பார்த்து, "அக்கா, வல காயுதா பாரு" என்றார். செத்துப்போன தன் அக்காளை அவர் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. என்னைத் தெரியவில்லை அவருக்கு.

"அம்மா, தூக்கு" என்றேன்.

"ஜனம் இருக்குடி. சாயந்திரம் வரைக்கும்…"

"தூக்கும்மா!"

கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தேன். அவரை அதில் உட்காரவைத்துத் துண்டால் கட்டினோம். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மணலில் தடுமாறிக்கொண்டு நடந்தோம். படகுத்துறைக்குப் போக ஒரே வழி, ஊற்றைத் தாண்டித்தான். அங்கே வரிசை தோப்பு வரைக்கும் நின்றது. யாராவது நிறுத்துவார்கள், கல்லால் அடிப்பார்கள் என்றெல்லாம் தோன்றியது.

யாரும் அடிக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண், பார்த்தால் வயல்வேலை செய்கிறவள், எங்களைக் கண்டதும், "ஐயோ பாவம், முடியாதவரு. மொதல்ல அவுர உடுங்கோ!" என்று கத்தினாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. நாலு ஆண்கள் ஓடிவந்து எங்கள் கையிலிருந்து நாற்காலியை வாங்கிக்கொண்டார்கள். நல்ல மனசுக்காரர்கள். நைனாவைத் தூக்கிக்கொண்டு நேராகத் தொட்டியை நோக்கி நடந்தார்கள். காலையில் அவர்தான் முழுக்குப் போட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிந்திய படகுகளில் வந்தவர்கள்.

"வேணாம், அங்க இல்ல!" என்று நான் கத்தப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. நாற்காலியைத் தொட்டி விளிம்பில் வைத்துத் துண்டை அவிழ்த்தார்கள். ஒருவர் நைனாவின் காலைத் தூக்கித் தண்ணீருக்குள் விடப் போனார். அப்போதுதான் அந்தக் காலைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

ஊர்த் தலைவர் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மாமா முறை. எங்கள் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவர். என் அருகில் வந்து வாய் அசையாமல் பேசினார்.

"வூட்டுக்கு இட்டுனு போ. ஜனம் போவட்டும். சாயந்திரம் நானே படகு வுடறேன்."

"சாயந்திரம் வரைக்கும் தாங்காது மாமா."

"பொண்ணு, சொன்னா கேளு. ஊரே பேஜாராயிடும்."

அவர் கண்ணில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. என் கண்ணில் இருந்ததுதான் அவர் கண்ணிலும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

"இவுரு எங்க நைனா. இந்த ஊர்க்காரரு. இன்னிக்குப் பாட்டுக்காரரே இவுருதான். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம். படகாண்ட தூக்கினு வாங்கோ, உங்க கால்ல வுழறேன்."

தொட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தார்கள். ஈரத்தோடு நின்று தங்கள் கைகால்களைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாலு பேரும் நாற்காலியைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். அன்றைக்கு நான் பலகையைப் பிடிக்கவில்லை, நைனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பழவேற்காட்டிலிருந்து ஆம்புலன்ஸ். பொன்னேரியில் இறக்கவே இல்லை, ஊசி போட்டு நேராகச் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு இளவயது டாக்டர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார், "இவ்வளவு நாத்தம் அடிக்குதே, வீட்ல யாருக்குமே தெரியலயா?"

"எங்க ஊர்ல எல்லாமே இந்த நாத்தந்தான் சார்" என்றேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிர் தங்கியது. இன்னும் தாமதித்திருந்தால் தங்கியிருக்காது என்று சொன்னதை அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நைனா கண் விழித்ததும் என்னைப் பார்த்து என் பெயரைச் சொன்னார். நான் வராந்தாவுக்குப் போய் ஒப்பாரியாகவே அழுதுவிட்டு வந்தேன்.

ஊருக்குத் திரும்பியபோது படகில் எங்களைத் தவிர யாரும் இல்லை. யாரோ எடுத்த செல்போன் படம் எங்களுக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போயிருந்தது. தொட்டிகளில் பாசி படர்ந்து, தகரத் தடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. என் கடை அடுப்பில் நாய் படுத்திருந்தது. எதிர்ப்பட்டவர்கள் பேசாமல் போனார்கள். மறுநாள் ஊர் கூடியது. நைனாவை அதே நாற்காலியில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம். வேட்டியின் ஒரு பக்கம் காற்றில் ஆடியது. ஊற்றின் பெயர் திரும்பும் வரை எங்கள் வீட்டுக்குப் பாடு கிடையாது, ஏரியிலும் கிடையாது என்று தலைவர் சொன்னார். சொல்லும்போது நைனாவின் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நைனா தலையை ஆட்டினார். செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தின் நினைவு எனக்கு வந்தது. ஊருக்கும் ஆத்திரம் நியாயந்தான், எல்லா வீட்டுச் சோற்றிலும்தானே நான் மண்ணைப் போட்டேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம், நான் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, பின்கதவு ஆடியது. தலைவர் நின்றார். செருப்பைக் கையில் வைத்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அந்த டாக்டரு… எந்த ஆஸ்பத்திரி? எந்த வார்டுமா?"

எனக்குப் புரியவில்லை. "யாருக்கு மாமா?"

"உங்க அத்தைக்கு. குதிகாலு. பொங்கலுக்கு முன்னாலேருந்து வூட்டுக்குள்ளதான் கீறா. யாருக்கும் தெரியாது."

அத்தையை வெகுநாளாக வெளியே பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"வலி இருக்கா மாமா?"

"இல்லம்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது. "வலியே இல்ல. அதான் நல்லாவுதுன்னு இருந்தோம்."

நான் சாக்கை அப்படியே போட்டேன். அம்மாவைக் கூப்பிட்டு அத்தையை எழுப்பி உட்காரவைக்கச் சொன்னேன். தலைவரைப் படகு பிடிக்க அனுப்பினேன். அவர்கள் போன பிறகு தெருவில் இறங்கினேன். நல்ல வெயில். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துதான் கிடக்கும். அன்றைக்குப் பல கதவுகள் சாத்தியிருந்தன. எப்போதிலிருந்து அவை சாத்தியிருந்தன? ஒரு வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். நாற்றம் அடித்தது. அடுத்த வாசலிலும் அடித்தது. ஊற்றா, காலா, எனக்குத் தெரியவில்லை. முதல் கதவைத் தட்டினேன்.